படலையைப் பூட்டிய அக்கா

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவேன். கேட்டவரின் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். அது நடக்கிற காரியமா என்பதை அவர் போன பிறகு ஆறுதலாக இருந்து யோசிப்பேன். இந்த வியாதியை வைத்துக்கொண்டு ஒருவன் அரசியல் செய்யலாம். மற்றவர்களுடைய குதிரைகளைக் கட்டிப் பராமரிக்கிற தொழில் மட்டும் செய்யக்கூடாது. நான் நீர்வேலியில் ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதில் நாலு வருடம், கூடப் பிறக்காத ஒரு அக்கா என்னோடு வேலை செய்தார்.

அக்காவிடம் அந்த வியாதி மருந்துக்கும் இல்லை. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: “பாத்திட்டுச் சொல்லுறன்.” மழை வருமா என்று கேட்டால் வெளியில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார். கொள்ளு முடிந்துவிட்டதா என்று கேட்டால், ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் மூட்டையை மூடியிருந்தாலும், திரும்பப் போய்த் திறந்து பார்ப்பார். ஒருமுறை என் மனைவி, ஆசையாக ஒரு கறி வைத்துக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கா முழுவதையும் சாப்பிட்டு, கையையும் கழுவிக்கொண்டு வந்து, “உப்புக் காணாது” என்றார். மூன்று நாள் அவருக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி கிடைக்கவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

குதிரைகள் என்னிடம் வந்து சேர்ந்ததும் அந்த ‘ஓம்’ செய்த வேலைதான். கனடாவில் இருக்கிற என் மச்சான் எங்கள் வளவில் ஒரு கலியாண மண்டபம் கட்டினான். அது திறந்த வருடமே பிரதான வீதியில் குளிரூட்டி பூட்டிய பெரிய மண்டபம் ஒன்று திறந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் பேருந்து திரும்பாது என்று சொல்லி ஒருவரும் வரவில்லை. மண்டபம் வௌவால்களுக்குப் போனது. அந்த நேரம்தான் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைகளுக்குக் குதிரையில் வந்து இறங்குகிற ஆசை பிடித்திருந்தது. இணுவிலில் ஒருவர், கலியாணங்களுக்கு விடுவதற்கென்று ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார். பெட்டைக் குதிரை. கட்டுவதற்கு இடம் இல்லை, உங்கள் மண்டபத்துச் சமையல் கொட்டிலில் ஒரு கிழமைக்கு நிற்கட்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். அந்தக் கிழமை இன்னும் முடியவில்லை.

பிறகு உடுவிலில் இருந்து ஒரு பல் டொக்டர் அம்மா, மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த கறுப்புக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் இன்னும் நாலைந்து வந்தன. குதிரை அவர்களுடையது, புல்லும் தண்ணீரும் சாணியும் தலையிடியும் என்னுடையவை. இணுவில்காரர் தன் குதிரையை வெயிலில் விடக்கூடாது என்றார். விட்டால் கறுத்துவிடுமாம், கறுத்த குதிரையில் எந்த மாப்பிள்ளை ஏறுவான் என்று கேட்டார். ஓம் என்றேன். பல் டொக்டர் அம்மா, எல்லாக் குதிரைகளையும் காலையில் ஒன்றாக வெயிலில் விட வேண்டும், அப்போதுதான் அவருடையது தனிமையில் வாடாது என்றார். அதற்கும் ஓம் என்றேன். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து நின்றால் நான் பின்மதிலால் ஏறிக் குதிக்காத குறை.

அந்தப் பின்மதிலுக்கு அப்பால் இருந்த சின்ன வாடகை வீட்டில்தான் அக்கா குடியிருந்தார். வடக்குக் கரையில் கடலோடிய குடும்பம். ஊரை விட்டு எழும்பிப் பல வருடமாகி, இடம் இடமாக மாறி, கடைசியில் எங்கள் வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்திருந்தார். காலையில் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பார். ஒருநாள் மதிலுக்கு மேலால் தலையைக் காட்டி, வணக்கம் சுகம் ஒன்றும் விசாரிக்காமல் சொன்னார்:

“தம்பி, உங்கடை கறுப்பன் இண்டைக்கு விடியப் பதினேழுதரம் இருமினவன். நேற்றுப் பதினாலு.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல்நாள்தான் பல் டொக்டர் அம்மா தொலைபேசியில் குதிரை சுகமா என்று கேட்க, ஓம், நல்ல சுகம் என்று சொல்லியிருந்தேன். மதில் தலை அதோடு போகவில்லை. வைக்கோலை உதறிப் போட்ட பிறகுதான் இருமுகிறான், அதற்கு முன்னர் ஒருதரமும் இருமவில்லை, நீங்களே பாருங்கள் என்றார். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்துப் போடத் தொடங்கினேன். ஒரு கிழமையில் இருமல் நின்றுவிட்டது. மிருக வைத்தியர் வந்து கேட்டுவிட்டு, இதை யார் கண்டுபிடித்தது என்றார். நான் மதிலைக் காட்டினேன். அடுத்த மாதம் அக்கா மீன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எங்கள் வளவுக்கு வேலைக்கு வந்தார்.

அவர் குதிரைகளோடு கொஞ்சிப் பேசியதை நான் கண்டதில்லை. ‘உவன்’, ‘உவள்’ என்பதோடு சரி. காலையில் வந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், சாணியைப் பார்ப்பார். படித்தவர்கள் அதை இலத்தி என்பார்கள். எங்களுக்கு எல்லாம் சாணிதான். எத்தனை தரம் போட்டிருக்கிறது, இறுகலா, இளக்கமா, என்ன நிறம் என்று குனிந்து நின்று பார்ப்பார். “மனிசருக்கு முகம் பாக்கிறது, உவையளுக்கு இது” என்பார். விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். வாளித் தண்ணீரை மணந்து பார்த்த பிறகுதான் வைப்பார்.

முறைப்பாட்டோடு வருகிற சொந்தக்காரர்களுக்கு அவர் வைத்திருந்த மருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை. குதிரை மெலிந்துவிட்டது, பக்கத்துக் குதிரை கடிக்கிறது, கவனிப்புக் காணாது என்று யாரும் வந்தால் அந்தக் கதிரையைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்கு முன்னால் வைப்பார். ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்கச் சொல்வார், பிறகு கதைப்போம் என்பார். பெரும்பாலானவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து, அவசர வேலை இருக்கிறது என்று போய்விடுவார்கள். முழு மணித்தியாலமும் இருந்தவர் பல் டொக்டர் அம்மா ஒருவர்தான். அன்று முதல் அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பதை நிறுத்தி அக்காவுக்கு எடுக்கத் தொடங்கினார். எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது, நிறைய நிம்மதி வந்தது.

ஒரு சிவப்புக் குதிரை சில மத்தியானங்களில் வெறி பிடித்துச் சுவரை உதைக்கும். ஓடு விழுகிற அளவுக்கு உதைக்கும். அந்த மண்டபத்தில் ஏதோ நிற்கிறது என்று ஊரில் கதை கிளம்பியது. குதிரைக்குச் சொந்தக்காரர் ஐயரைக் கூட்டிவந்து சாந்தி செய்யலாமா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லி நாளும் குறித்தாயிற்று. அக்கா மூன்று மத்தியானம் அந்தக் கொட்டில் வாசலில் குந்தியிருந்தார். நாலாம் நாள் கொக்கத்தடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு சுவருக்கு வெளியில் போய், பக்கத்துத் தோட்டத்து வாழையில் தொங்கிய ஒரு சருகை அறுத்து விழுத்தினார். காற்று அடிக்கிற மத்தியானங்களில் அது யன்னல் கம்பியில் சரசரவென்று உரசிக்கொண்டிருந்திருக்கிறது. அதோடு உதை நின்றது. ஐயருக்கு நான்தான் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

இப்படி எல்லாவற்றையும் பார்க்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பது சுகமான காரியம் என்று நினைக்க வேண்டாம். குதிரையைப் பார்க்கிற அதே கண்ணால்தான் என்னையும் பார்த்தார். நான் சொன்ன ஓம்களில் எது மெய், எது வாய்க்கு வந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். அந்தக் கணத்துக்காகவே பலமுறை அவருக்கு முன்னால் தொலைபேசியை எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

பிறகு இராணுவம் பிடித்து வைத்திருந்த அவருடைய ஊர்க் காணிகள் விடுபட்டன. கூரைத் தகடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சொந்த நிலம், சொந்தக் கிணறு, கூப்பிடு தூரத்தில் கடல். அவர் போனது எனக்குச் சந்தோசம் என்று சொன்னால் பொய். அவருக்குச் சந்தோசம் என்பதால் என் கவலையை வெளியில் காட்டவில்லை. அவர் போக முன்னர் நடந்த பட்டிப்பொங்கலைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

வைத்தியர் ஒருமுறை பேச்சோடு பேச்சாக, குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அது அக்காவை உலுக்கிவிட்டது. இரண்டு நாள் ஒவ்வொரு வாளியையும் இரண்டுதரம் மணந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, ஏதோ செத்தவீட்டுச் செய்தி சொல்கிறவர் குரலில், “தம்பி, உவையளாலை சத்தி எடுக்கேலாதாம்” என்றார். அன்றோடு ஒரு சட்டம் போட்டார். வெளியில் இருந்து வருகிற எதுவும் எந்தக் குதிரையின் வாய்க்குள்ளும் போகக்கூடாது. அப்பம், பாண், வாழைப்பழம், கோயில் பிரசாதம், ஒன்றும் கூடாது. நானும் அதற்கு ஓம் என்றேன்.

இணுவில்காரர் தன் வெள்ளைக் குதிரைக்கு லட்சுமி என்று பெயர் வைத்திருந்தார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் மாடுகளுக்குப் பொங்குகிற நாள். அன்று காலை அவர் தொலைபேசி எடுத்தார். பிள்ளைகள் கேட்கிறார்களாம், எங்கள் வீட்டுக்கு மாடு இல்லை, லட்சுமிதான் இருக்கிறாள், அவளுக்குப் பொங்கிக் கொண்டுவரட்டுமா என்று. உழைக்கிற சீவனுக்கு நன்றி செய்கிற நாள்தானே என்றார். அவர் குரலில் அவ்வளவு பாசம் இருந்தது. எனக்கு அக்காவின் சட்டம் நல்ல ஞாபகம். அக்கா அன்று மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லியிருந்ததும் நல்ல ஞாபகம். ஓம், பன்னிரண்டரைக்கு வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். குதிரைக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு பெரிய சருவம் நிறையச் சர்க்கரைப் பொங்கல், பயறும் கஜுவும், பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சையும் போட்டு, மேலே கதலிப்பழம் உரித்து வைத்து. லட்சுமி சருவத்துக்குள் முகத்தை விட்டவள் அடி தெரியும்வரை எடுக்கவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், இணுவில்காரரின் மனைவி படம் பிடித்தார். அவர்கள் போன பிறகு நான் விளக்குமாறு எடுத்து, சிந்திய பருக்கை, மாலைப் பூ எல்லாவற்றையும் கூட்டி அள்ளினேன். அக்கா திரும்பி வந்து நிலத்தைப் பார்த்தார்.

“நீங்களோ கூட்டினது?”

ஓம் என்றேன். அவர் அந்த ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தநாள் காலை அக்கா என்னை வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டார். லட்சுமி இரவு முழுக்கச் சாணி போடவில்லை. புல்லை முகர்ந்தும் பார்க்கவில்லை. முன்காலால் நிலத்தை விறாண்டுகிறாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

வைத்தியர் வந்து வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். குடல் அடைத்திருக்கிறது என்றார். என்ன சாப்பிட்டது என்று கேட்டார். அக்கா முதல்நாள் தான் வைத்த புல், வைக்கோல், தவிடு எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னார். வேறு ஏதாவது என்று வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஊசி போட்டு, மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். சாப்பாடு ஒன்றும் வைக்க வேண்டாம், கொஞ்சம் நடத்துங்கள், கொஞ்சம் ஆறவிடுங்கள், திரும்ப நடத்துங்கள் என்றார். பொழுதுபடுவதற்குள் சாணி போட்டால் பிழைக்கும். போடாவிட்டால் தன் கையில் இல்லை என்றார். வாகனத்தில் மட்டும் ஏற்ற வேண்டாம், குலுக்கலில் குடல் முறுகினால் வழியிலேயே முடிந்துவிடும் என்று போகும்போது இரண்டுதரம் சொன்னார்.

அக்கா கயிற்றைப் பிடித்தார். வளவைச் சுற்றி நடை. பத்து நிமிடம் நடத்துவார், மாமர நிழலில் நிறுத்துவார், விலாவில் கையை வைத்துப் பார்ப்பார், திரும்ப நடத்துவார். லட்சுமி படுக்கப் பார்க்கும்போதெல்லாம் கயிற்றை இழுத்து நிறுத்துவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், நின்றபடி குடித்துவிட்டுச் செம்பைத் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிபோல் இணுவில்காரர் வந்தார். இரண்டு நாளில் ஒரு பெரிய இடத்துக் கலியாணம், மாப்பிள்ளை ஏறுவதற்கு லட்சுமியைப் பேசியிருந்தார்கள். அவர் குதிரையைக் கண்டதும் கண் கலங்கினார்; அது நடிப்பில்லை. கலங்கிய கண்ணோடு அக்காவைப் பார்த்துத் திட்டத் தொடங்கினார். பூஞ்சணம் பிடித்த புல்லைப் போட்டிருக்கிறாள் என்றார். சந்தையில் மீன் வெட்டினவளிடம் குதிரையை விட்டால் இப்படித்தான் என்றார். இவள் இனி இந்த ஊரில் ஒரு குதிரையையும் தொடாமல் பண்ணுகிறேன், பொலிசுக்கும் போகிறேன் என்றார். சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் முழுக்க மதிலில் தலையை வைத்தது. பட்டிப்பொங்கலை அவர் மறைக்கவில்லை. அது அவர் நினைவிலேயே வரவில்லை. சாமிக்குப் படைத்த பொங்கல் ஒரு சீவனுக்குக் கெடுதி செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

அக்கா லட்சுமியின் விலாவில் கையை வைத்துப் பார்த்தார். கயிற்றோடு நடந்துகொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு இணுவில்காரர் சொல்லியிருந்த லொறி ஒழுங்கைக்குள் வந்து நின்றது. குதிரையைக் கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய வைத்தியரிடம் கொண்டுபோகப் போகிறாராம். வைத்தியர் சொன்னதை நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அப்போதுதான் அக்கா நடையை நிறுத்தினார். குதிரையை மாமரத்தில் கட்டிவிட்டுப் படலைக்குப் போனார். சங்கிலியைச் சுற்றி ஆமைப்பூட்டைப் போட்டுப் பூட்டினார். திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

“சாணி போடாமல் உவள் இந்தப் படலையைத் தாண்டமாட்டாள்.”

இணுவில்காரர் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வளவு உன்னுடையது, படலை உன்னுடையது, வேலைக்காரி உன்னுடையவள், திறக்கச் சொல் என்றார். மதிலில் இருந்த அத்தனை தலையும் என்னைப் பார்த்தது. அக்காவும் பார்த்தார். நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. படலை திறந்தால் லட்சுமி வழியில் செத்துப்போவாள், அந்தச் சாவு அக்காவின் பெயரில் எழுதப்படும். இவ்வளவையும் தடுக்க என்னிடம் ஒரே ஒரு சொல் இருந்தது, அது என் வாய்க்குப் பழக்கமில்லாத சொல்.

“இல்லை,” என்றேன். “திறக்கேலாது. நேற்று உவள் தின்னது பொங்கல். உங்கடை பொங்கல். குடுக்கச் சொல்லி ஓம் எண்டது நான். அக்கா இல்லாத நேரம் பாத்து வரச் சொன்னதும் நான்தான்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் அப்படி ஒரு காற்றோட்டம், அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அக்கா என்னை ஏசிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியை எடுத்து, வைத்தியரின் எண்ணை அழுத்தி, என் கையில் தந்தார்.

“எனக்குச் சொல்லி என்ன தம்பி. டொக்டருக்குச் சொல்லுங்கோ. எவ்வளவு எண்டதையும் சொல்லுங்கோ.”

ஒரு சருவம் நிறைய என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். மறுமுனையில் வைத்தியர் என்னை இரண்டு வார்த்தை பேசினார், அது எனக்கு வேண்டியதுதான். காலையிலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பேன், பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது, வருகிறேன் என்றார். இணுவில்காரர் நம்பவில்லை. மாடு தின்னுகிறதே, மாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு அக்காதான் பதில் சொன்னார், கோபமில்லாமல்.

“மாடு தின்னதைத் திருப்பி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். உவளுக்குத் திரும்பி வாற வழி இல்லை, போற வழி மட்டும்தான். அது இப்ப அடைச்சுப்போய்க் கிடக்கு.”

வைத்தியர் வந்தார். அக்கா படலையைத் திறந்து அவரை உள்ளே விட்டு உடனே பூட்டினார். குழாயால் வாளி வாளியாக இளஞ்சூட்டுத் தண்ணீரும் திரும்ப எண்ணெயும் போயின. பிறகு நடை. இணுவில்காரர் மாமரத்தடியில் குந்திவிட்டார். லொறிச் சாரதி இறங்கி மதிலில் ஏறி மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டான். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் சாயச் சாய எல்லார் கண்ணும் ஒரே இடத்தில், லட்சுமியின் வாலில் இருந்தது. கோயிலில் திரை விலகுகிற நேரத்தில்கூட எங்கள் சனம் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

ஐந்தரை மணிபோல், கிணற்றடியைத் தாண்டும்போது, லட்சுமி நின்றாள். அக்கா கயிற்றை இளக்கினார். வால் மெல்ல எழும்பியது. முதலில் ஒரு நீண்ட காற்று. பிறகு பொத்துப் பொத்தென்று விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது.

மதில் முழுக்க ஒரே கூச்சல். யாரோ ஒருவன் பொங்கலுக்கு மிஞ்சிய சீனவெடியைக் கொளுத்தப் போனான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வைத்தியர் சிரித்துக்கொண்டு கையைக் கழுவப் போனார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சாணியைப் பார்த்து அழுத மனிதன் என்று என் மனைவி இன்றுவரை சொல்லுகிறார். அக்கா மட்டும் குந்தியிருந்து ஒரு ஈர்க்குக் குச்சியால் சாணியை விரித்துப் பார்த்தார். சவளில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய் இணுவில்காரருக்கு முன்னால் வைத்தார். பயற்றங்கோது தெரிந்தது. ஊதிப் பருத்து, முழுசு முழுசாக, ஆறேழு பிளம்ஸ் தெரிந்தது.

அவர் ஈர்க்கை வாங்கி ஒவ்வொரு பிளம்ஸாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, தாழ்ந்த குரலில், “அக்கா, நான் பேசினது பிழை” என்றார்.

“அதை மதிலிலை நிக்கிறவைக்குச் சொல்லுங்கோ. நீங்கள் பேசேக்கை அவையும் கேட்டவை.”

சொன்னார். மறைக்கவில்லை, குறைக்கவில்லை. பொங்கல் தன் வீட்டுப் பொங்கல், பழி சொன்னது தான், இந்த மனிசி படலையைப் பூட்டாவிட்டால் லட்சுமி இப்போது றோட்டில் செத்துக் கிடப்பாள் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார். அவர் மேல் எனக்கு அதுவரை இல்லாத மரியாதை அன்று வந்தது.

அக்கா சேலைத் தலைப்பை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். ஆமைப்பூட்டைத் திறந்து சங்கிலியைக் கழற்றிப் படலையை அகலத் தள்ளினார். இன்னும் அரை மணித்தியாலம் நடத்த வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வளவுக்குள் சுற்றிச் சுற்றி அவளுக்கு அலுத்துப் போயிருக்கும், ஒழுங்கையில் நடக்கட்டும் என்றார். லொறி பின்னுக்குப் போய்த் தோட்டத்து வாசலில் ஒதுங்கியது. மதிலில் இருந்தவர்கள் இறங்கி இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள்.

படலையைத் தாண்டியதும் லட்சுமி தலையை உயர்த்தினாள். இரண்டு பக்கமும் சனம் நின்றால் அது கலியாணம் என்றுதான் அவளுக்குத் தெரியும். கழுத்தை வளைத்து, முன்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, மாப்பிள்ளை ஏறியிருக்கிறபோது எப்படி நடப்பாளோ அப்படியே நடந்தாள். முதுகில் ஒருவரும் இல்லை. முன்னால், சேலை முழுக்கச் சாணியும் எண்ணெயுமாக, ஒரு கையில் சவளோடு, மற்றக் கையால் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி அக்கா போனார். பெண்கள் சிலர் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்கள்.

நாலடி போனதும் அக்கா நின்று, சவளை இணுவில்காரரிடம் நீட்டினார்.

“பின்னாலை வாங்கோ. உவள் இன்னும் போடுவாள். ஒழுங்கையிலை கிடந்தால் சனம் பேசும்.”

அவர் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார். சவளைத் தோளில் வைத்துக்கொண்டு தன் குதிரைக்குப் பின்னால் நடந்தார். மூன்று இடத்தில் அவர் குனிந்து அள்ளினார், நான் வாளியைப் பிடித்தேன்.